தூக்கம்: சாதாரணம்

அந்த விண்ணப்பத்தை எழுதியது நான்தான். அதனால் இந்த விஷயத்தில் யாரைத் திட்டினாலும் எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

என் கடையில் ஜெராக்ஸ் எடுப்பது பாதி வேலை. தெருக்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது மீதி. நன்றாகப் படித்தவர்கள்கூட விண்ணப்பத்தைக் கண்டதும் பேனாவை என் கையில் திணித்துவிடுவார்கள். தப்பாகப் போனால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. என் கடையை ஒட்டினாற்போல் பேக்கரி. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. வெயில் காலத்தில் நானே ஒரு பன் மாதிரி வெந்துபோவேன். மழைக்காலத்தில் மட்டும் தெருவே என் கடைக்குள் வந்து ஒண்டிக்கொள்ளும்.

பேக்கரியை நடத்துவது அக்காவும் அவள் புருஷனும். எனக்கு அக்கா உறவில்லை. ஏழெட்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். புருஷனைத் தெருவில் பெரிய மாஸ்டர் என்பார்கள். அக்காவின் கூடப்பிறந்த தம்பி ஒருவன் அவர்களோடு இருக்கிறான். அவன் சின்ன மாஸ்டர். வயது நாற்பத்தொன்று, புத்தி ஏழெட்டு வயதிலேயே நின்றுவிட்டது. நன்றாகப் பேசுவான், சிரிப்பான், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுவான். குழாயைத் திறந்தால் மூட மாட்டான். ரோட்டைக் கடக்கத் தெரியாது. முகம் மழிப்பது, நகம் வெட்டுவது, கண்ணில் சோப்பு போகாமல் தலைக்குக் குளிப்பது எல்லாம் அக்கா கூட நின்றால்தான் நடக்கும். அம்மா அப்பா போனபிறகு இருபத்தேழு வருஷமாக அவள்தான் நிற்கிறாள்.

நின்று நின்று அவள் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. டாக்டர் ஆபரேஷன் என்றார். மூன்று மாதம் நிற்கக் கூடாது, அதற்குப் பிறகும் படி ஏறுவதைக் குறைக்க வேண்டும். குடியிருப்பதோ பேக்கரிக்கு மேல், மாடியில். பதினேழு படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். அந்த மூன்று மாதம் தம்பியை யார் பார்ப்பது, அதற்கப்புறம் யார் பார்ப்பது? இந்த ஒரு கேள்விக்காக ஆபரேஷன் தேதியை அவள் இரண்டு தரம் தள்ளிப்போட்டாள். மூன்றாம் தரமும் தள்ளினால் நடமாட்டமே நின்றுபோகும் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்தான் இப்படி ஒரு வீடு இருப்பதைச் சொன்னாள். பஸ்ஸில் நாற்பது நிமிஷ தூரம். சின்ன மாஸ்டர் மாதிரி நாலு ஆண்களுக்கு இடம், ஆளுக்கொரு அறை, கூடமும் சமையலறையும் பொது. பகலுக்கு ஓர் உதவியாளர், ராத்திரிக்கு ஓர் உதவியாளர். அவர்கள் வேலையைச் செய்து கொடுக்க மாட்டார்கள், அவரவர் செய்யும்போது பக்கத்தில் நிற்பார்கள். ஓர் அறை காலியாக இருந்தது.

அக்கா ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு விண்ணப்பத்தோடு என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஜெராக்ஸ் மெஷின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பெரிய மாஸ்டர் வாசற்படியில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"சமையல் செய்வாரான்னு கேட்டிருக்கான்க்கா."

"அடுப்புப் பக்கமே விடமாட்டோம். செய்யமாட்டான்னு போடு."

"டீ போடுவான்," என்றார் பெரிய மாஸ்டர்.

"அந்த டீய நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"போடுவானான்னுதானே கேட்டிருக்கான்? குடிக்க முடியுமான்னு கேக்கலையே."

"நீங்க சும்மா இருங்க. ஜெராக்ஸ், நீ எழுது."

"தொழில்னு ஒரு கேள்வி இருக்குக்கா."

"தொழிலா? அவனுக்கென்ன தொழில்? கடையில கூடமாட நிப்பான். இல்லன்னு போடு."

இல்லை என்று போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தகர அச்சுகளைக் கழுவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது சின்ன மாஸ்டர்தான். அந்தச் சத்தம் என் காதில் விழாத மத்தியானமே கிடையாது. அது காதில் விழ விழத்தான் 'இல்லை' என்று எழுதினேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

"தூக்கம் எப்படி?"

"படுத்தா கட்டைதான். இடி விழுந்தாலும் தெரியாது."

"சாதாரணம்னு போடட்டுமா?"

"போடு. அதுல ஒண்ணும் குறையில்ல."

முப்பத்தாறு கேள்வியையும் முடித்துக் கையெழுத்து வாங்கினேன். ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும், பொருந்துகிறதா என்று பிறகு முடிவு செய்யலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. அக்கா நாலு சட்டை, நாலு பேன்ட், துண்டு, மழிக்கிற சாமான், மாவு வேலைக்குப் போடுகிற வெள்ளைத் தொப்பி எல்லாம் வைத்துப் பையைக் கட்டினாள். தொப்பி எதற்கு என்று கேட்டதற்கு, "அது இல்லாம அவனுக்குத் தலையே இல்லாத மாதிரி இருக்கும்," என்றாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவள், அன்றைக்கு முழுவதும் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தாள். பன் கேட்டு வந்தவர்கள்கூடத் திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் நாளே திரும்பக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். கூடவே ஓர் அறிக்கை. அதைப் படித்துக் காட்டுவதற்கும் நான்தான் கிடைத்தேன்.

"தினமும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார். முதல் நாள், வீட்டிலிருந்த பத்துக் கிலோ மாவையும் பிசைந்துவிட்டார். பாத்திரம் போதாததால் துணி ஊறவைக்கும் தொட்டியைப் பயன்படுத்தினார். பிறகு மற்ற மூவரின் கதவுகளையும் தட்டி, 'எந்திரி, பொங்கிடுச்சு' என்று சத்தமிட்டார். மறுநாள் முதல் மாவைப் பூட்டி வைத்தோம். கதவு தட்டுவது நிற்கவில்லை. மாலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கிவிடுகிறார். கடுமையான தூக்கக் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இந்த வீடு இவருக்குப் பொருந்துமா என்பது சந்தேகமே."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"கோளாறா? மூணு மணிக்கு எழுந்தா கோளாறா? நான் முப்பது வருஷமா எழுந்துக்கறேன். எனக்கும் கோளாறா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. மென்று முழுங்கிவிட்டேன்.

"அக்கா, மூணு மணி சமாச்சாரத்த நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? ரொட்டி எப்படி வருதுன்னு நெனச்சே? ஆறு மணிக்குக் கடை திறக்கும்போது தானா மொளச்சு நிக்குமா?"

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேக்கரி வீட்டு ஆளுன்னு தெரியாதா?"

"எங்க எழுதினோம்? தொழில் இல்லன்னுதானே எழுதினோம்."

அவள் அறிக்கையைப் பிடுங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பெரிய மாஸ்டர் மட்டும் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கப் படாதபாடு பட்டார்.

"போனாப் போகுது. இங்கயே இருந்துட்டுப் போகட்டும். அவன் இல்லாம இந்த அஞ்சு நாளு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூலிக்கு வந்தவன் ரெண்டாம் நாளே ஓடிட்டான். அடுத்தவன் உருட்டினது பன்னா எலுமிச்சம்பழமான்னு தெரியல."

"ஓ. அதுக்குத்தான் அவன் வேணுமா?"

"அதுக்கு மட்டும்னு சொன்னேனா?"

"சரி, நான் படுத்துட்டா அவனுக்கு யாரு முகம் மழிச்சு விடுவா? நீங்களா?"

பெரிய மாஸ்டர் என் கடைக் காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

"யாரு தலைக்கு ஊத்துவா? காய்ச்சல் வந்தா யாரு பக்கத்துல உக்காருவா? சொல்லுங்க. மாவு பிசையத் தெரியுதுன்னு மாவு மூட்டையோட விட்டுட முடியுமா?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் எனக்கே அவரைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த இரண்டு வாரம் அக்கா வீட்டில் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பியின் தூக்கத்தைத் திருத்துவது என்று அக்கா இறங்கிவிட்டாள். சாயங்காலம் ஆறு மணியானால் அவனை என் கடையில் கொண்டுவந்து உட்கார வைத்து, "ஒம்பது மணி வரைக்கும் தூங்க விடாதே," என்பாள். நான் காகிதத்தை எண்ணச் சொல்வேன், ஸ்டேப்ளரைக் கொடுப்பேன், கதை பேசுவேன். வாயைத் திறந்தபடியே, கையில் ஸ்டேப்ளரோடு தூங்கிவிடுவான். தோளைத் தட்டினால் துள்ளி எழுந்து, "பொங்கிடுச்சா?" என்பான். பாவமாக இருக்கும். எழுப்பிய என் மேலேயே எனக்கு வெறுப்பு வரும். மூன்று மணிக்கு வழக்கம்போலத் தொப்பி போட்டுக்கொண்டு படியிறங்கிவிடுவானாம். மாடிக் கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். அதற்கும் பலன் இல்லை. ஏனென்றால் பெரிய மாஸ்டர், பூட்டியதை மறந்து, கீழேயிருந்து பழக்கதோஷத்தில், "டேய், எந்திரி, பொங்கிடுச்சு!" என்று கத்திவிடுவார். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் மாடிக்கும் கீழுக்குமாகச் சண்டை போடுவார்கள். எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வந்து, போலீசுக்கு ஒரு விண்ணப்பம் எழுத முடியுமா என்று கேட்டார். முடியாது என்று அனுப்பிவைத்தேன்.

அப்புறம்தான் தம்பி தங்கிய வீட்டின் பொறுப்பாளர் நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் பெரிய பை, கையில் நனைந்த குடை. விசாரித்துக்கொண்டு முதலில் என் கடைக்குள் வந்துவிட்டார். நான் பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். யார் விண்ணப்பம் எழுதியது என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் கதவோரமாகவே நின்றுகொண்டேன்.

காலை பதினொரு மணி. இரண்டாவது ஈடு பன்னுக்கு மாவு தயாராக இருந்தது. சின்ன மாஸ்டர் மேசை முன்னால் நின்று உருட்டிக்கொண்டிருந்தான். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. மேசையில் வைத்து உள்ளங்கையை மூன்று சுற்று சுற்றுவான், இரண்டும் ஒரே அளவில் வரும். தட்டில் வைப்பான். மாவைக் கிள்ளுவது தராசில் வைத்த மாதிரி இருக்கும். தட்டு நிறைந்தால் தலையைத் தூக்காமல் இடுப்பால் தள்ளுவான், பெரிய மாஸ்டர் அடுப்புக்கு எடுத்துப்போவார். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. பொறுப்பாளர் குடையை மடிக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். தரையில் தண்ணீர் சொட்டியது. அக்கா துணியைப் போட்டுத் துடைக்கக் குனியப்போய், முட்டி பிடித்து, "அம்மா" என்றாள்.

"இவர் எவ்வளவு நாளா இந்த வேலை செய்றாரு?" என்று கேட்டார் பொறுப்பாளர்.

நாற்பத்தொரு வயது ஆளை நாங்கள் எல்லாரும் அவன் இவன் என்றே சொல்லிப் பழகியிருந்தோம். அவர் 'இவர்' என்றதும் யாரைக் கேட்கிறார் என்று அக்கா ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்தாள்.

"வேலைன்னு இல்லைங்க. சும்மா கூடமாட..."

"எத்தன வருஷமா கூடமாட?"

"பதினாலு வயசுலேர்ந்து."

"தினமுமா?"

"ரொட்டிக்கு ஏதுங்க லீவு?"

பொறுப்பாளர் பையை இறக்கி வைத்தார். அவருக்கும் கோபம்தான், ஆனால் அடக்கிப் பேசத் தெரிந்தவர்.

"அம்மா, இவருக்குத் தூக்கக் கோளாறு இல்ல. இவருக்கு வேலை இருக்கு. அதை ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா நாங்க அந்த அறிக்கையே அனுப்பியிருக்க மாட்டோம். மத்த மூணு பேரும் அஞ்சு நாளா தூக்கமில்லாம எங்கிட்ட சண்டை. ஒருத்தர் இன்னும் கதவுக்கு முட்டுக்கொடுத்துத்தான் படுக்கிறாரு."

பெரிய மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, இப்ப என்னதாங்க வழி?" என்றாள் அக்கா. "எனக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. சேத்துப்பீங்களா, மாட்டீங்களா?"

"அந்த அறைக்கு இன்னொரு குடும்பம் காத்துக்கிட்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் சொல்லணும். ஆனா ஒண்ணு செய்யலாம். சமையலறைய ஒட்டி ஓர் அறை இருக்கு. அதுல இருக்கிறவர் மாடிக்கு மாற ஆசைப்படுறாரு. அத இவருக்குக் கொடுக்கலாம். மூணு மணிக்கு எழுந்துக்கட்டும். ராத்திரி உதவியாளர் முழிச்சுத்தான் இருப்பாரு. வீட்டுக்கு வேண்டிய ரொட்டிய இவரே செய்யட்டும். அஞ்சு பேருக்கு ரெண்டு கிலோ மாவு போதும். அளந்து வச்சுடுவோம்."

"ரெண்டு கிலோவா?" என்றார் பெரிய மாஸ்டர். "அவனுக்கு மூட்டை பிரிச்சாத்தான் கணக்கு. ரெண்டு கிலோவப் பாத்தா அழுதுடுவான். அங்க போய் ரெண்டு கிலோ பிசையறதுக்கு இங்கயே இருக்கலாம்ல? வேணும்னா மேல ஒரு ஆளப் போட்டு..."

"எந்த ஆளு?" என்று திரும்பினாள் அக்கா. "அந்த எலுமிச்சம்பழம் உருட்டினவனா?"

"ஏன், முகம் மழிக்க ஓர் ஆள் கிடைக்காதா?"

"முப்பது வருஷமா சுவத்துக்கு ஒரு ஆணி அடிக்க ஆள் கூட்டி வரேன்னு சொல்லிக்கிட்டிருக்கீங்க!"

அப்புறம் நடந்ததைப் பேச்சு என்று சொல்ல முடியாது. ரெண்டு கிலோ பழக்கிக்கொள்ளலாம் என்று அக்கா. ஐந்து கிலோவாக்கிப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கலாமே என்று பொறுப்பாளர். பகலில் மட்டும் பஸ் ஏற்றி இங்கே அனுப்பினால் என்ன என்று பெரிய மாஸ்டர். யார் ஏற்றுவது, யார் இறக்குவது என்று மறுபடி அக்கா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நானும் நடுவில் புகுந்து, மூன்று மணியை நாலாக்கி, நாலை ஐந்தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாமே என்றேன். நாலு பேரும் அவன் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தோம். அவன் தட்டை நிறைத்து இடுப்பால் தள்ளினான். எடுத்துப்போக ஆளில்லை. அடுத்த தட்டை நிறைத்தான். அதற்கும் ஆளில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பொறுப்பாளர்தான் முதலில் பேச்சை நிறுத்தினார். நாலு எட்டு நடந்து அவன் எதிரில் போய் நின்றார்.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க. அந்த வீட்டுக்கு வந்தா உங்களுக்கு என்ன வேணும்? மாவு எவ்வளவு வேணும்?"

அவன் அக்காவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி, கையை அதிலேயே துடைத்தான்.

"மூணு மணிக்கு முழிப்பு வந்துடும்," என்றான்.

"ஆமா, தெரியும். வரட்டும்."

"முழிப்பு வந்தா, மறுபடி தூங்கலாமா?"

அடுப்புக்குள் பன் நிறம் மாறுகிற வாசனை வந்துகொண்டிருந்தது, பெரிய மாஸ்டர் அசையவில்லை.

"தூங்கலாமே," என்றார் பொறுப்பாளர்.

"திட்டமாட்டாங்களா?"

"யாரும் திட்டமாட்டாங்க."

"அப்ப மாவு?"

"மாவு வேணாம். கடையில ரொட்டி வாங்கிக்கலாம்."

அவன் அவர் முகத்தையே பார்த்தான். ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"அப்ப வரேன்," என்றான்.

அக்கா பக்கத்திலிருந்த மாவு மூட்டைமேல் தடாலென்று உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியாதே என்ற நினைப்புகூட இல்லை.

"ஏண்டா, இத்தன வருஷத்துல ஒரு நாளாவது எங்கிட்ட சொன்னியா? தூக்கமா இருக்குக்கான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் என்ன ராட்சசியா? உனக்குப் பிடிச்சுத்தான் எழுந்துக்கறன்னு நெனச்சேனேடா, தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு..."

அவனுக்கு அது திட்டு என்றுதான் பட்டிருக்கும். பயந்துபோய் மெதுவாகச் சொன்னான்:

"நீயும்தானேக்கா எழுந்துக்கற."

அன்றைக்கு அடுப்பிலிருந்த பன் முழுவதும் கருகிப்போனது. அந்தப் பேக்கரி வரலாற்றிலேயே முதல் தடவை. பெரிய மாஸ்டர் கருகின தட்டை வெளியே இழுத்து வைத்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காதபோது, "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே கையெழுத்து வாங்கிக்குங்க," என்றார். பொறுப்பாளர் பையிலிருந்து புது விண்ணப்பத்தை எடுத்தார். மாவுக்கையோடு அக்கா கையெழுத்துப் போட்டாள். மீதியை எழுத என்னைக் கேட்டார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்விக்கும் நான் அவனையே கேட்டேன், பதில் வர நேரமானாலும் காத்திருந்தேன். முப்பத்தாறு கேள்விக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை அவன் போனான். அக்கா தினமும் காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்து போன் போடுவாள். பேக்கரிச் சத்தத்தில் காது கேட்காது என்பது காரணம். நிஜக் காரணம், புருஷன் முன்னால் அழக்கூடாது. முதல் வாரம் அவன் மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். உதவியாளர், "இன்னிக்கு மாவு இல்ல மாஸ்டர், படுங்க," என்று சொன்னால் அறைக்குப் போய்விடுவானாம். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, "நிஜமாவே இல்லையா?" என்று கேட்பானாம். ராத்திரி உதவியாளர் பொறுமைசாலி என்று அக்கா சொன்னாள். அவள் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டாம் நாள். ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அக்கா வழக்கம்போல மெஷின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு போன் போட்டாள். பகல் உதவியாளர் எடுத்தார். அவர் குரல் பெரிது, எனக்கும் கேட்டது.

"தூங்குறாருங்க."

"மணி பத்தாகுது! உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்காரு. ராத்திரி எழுந்து தண்ணி குடிச்சாராம், மறுபடி படுத்துட்டாராம். யாரும் ஒண்ணும் சொல்லல, அவரே படுத்துட்டாரு. எழுப்பட்டுமா? பேசுறீங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள். எழுப்புங்க என்று சொல்லத்தான் திறந்தாள், எனக்குத் தெரியும். முப்பது வருஷப் பழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மாஸ்டர் புது ஆளோடு மாவு பதம் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றாள். "விடுங்க. எழுப்பாதீங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து முறைத்தாள், நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி.

"பாத்தியா ஜெராக்ஸ்? பத்து மணி வரைக்கும் தூங்குறான், தடிமாடு. வெயில் முதுகுல அடிக்கற வரைக்கும் தூங்குறான். இவனையெல்லாம்..."

அதற்கு மேல் திட்ட முடியவில்லை. மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். ஒருவர் நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். மெஷின் ரிப்பேர், மத்தியானம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.